‘இயங்குதள விளையாட்டு’ வேண்டாம், ‘தாவாட்டம்’ போதும்

சூப்பர் மாரியோ லேண்ட் என்ற வீடியோ கேம் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் “பக்கவாட்டில் உருளும் இயங்குதள விளையாட்டு” என்றே எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘சைட்-ஸ்க்ரோலிங் பிளாட்ஃபார்ம் கேம்’ என்பதன் மொழிபெயர்ப்பு அது. ஒருமுறை பார்த்தால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப அதே தொடர், அதே பிழை. அந்த வரியைப் படிக்கிற யாருக்காவது, தொப்பி போட்ட சின்ன ஆள் ஒருவன் திட்டுக்குத் திட்டு தாவி ஓடுகிற காட்சி மனதில் வருமா?

பிளாட்ஃபார்ம் என்பது பிரெஞ்சு வழி வந்த சொல். ‘தட்டையான வடிவம்’ என்பதுதான் மூலப்பொருள். அப்புறம் உயர்த்திக் கட்டிய தளம், ரயில் நிலைய நடைமேடை என்று விரிந்து, கணினி வந்த பிறகு மென்பொருள் ஓடுகிற அடித்தளத்துக்கும் பெயரானது. இந்த விளையாட்டு வகையின் பெயரில் அதற்கு அந்தக் கணினிப் பொருள் கிடையவே கிடையாது. 1981இல் நின்டெண்டோ நிறுவனத்தின் டாங்கி காங் என்ற கேம் வந்தபோது திரையில் சாய்வாகக் கிடந்த இரும்புத் தளங்கள் இருக்கின்றனவே, அவைதான் பிளாட்ஃபார்ம். அமெரிக்காவில் சிலர் முதலில் அதை ‘ஏறும் விளையாட்டு’ என்றுகூடச் சொன்னார்கள்.

ஆக, இயங்குதளம் என்றால் தமிழில் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு. ‘இயங்குதள விளையாட்டு’ என்று எழுதினால் லினக்ஸில் ஓடும் கேம் என்றுதான் வாசகர் நினைப்பார், அப்படி நினைப்பதில் அவர் தப்பு எதுவும் இல்லை. சிலர் ‘இயங்கு’ என்பதை வெட்டிவிட்டுத் ‘தள விளையாட்டு’ என்கிறார்கள். வலைத்தளம், தரைத்தளம், படைத்தளம் என்று ஏற்கெனவே பத்து வேலை பார்க்கிற சொல் அது, தனியாக நின்றால் எதையும் காட்டாது. ‘மேடை விளையாட்டு’ நாடகத்தை நினைவூட்டுகிறது. சரி, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடன்சொல்லே ஆகாது என்பவன் அல்ல நான், ஆனால் பிளாட்பாரம் என்பது நம் ஊரில் சாலையோர நடைபாதை. கடன் வாங்கியும் தெளிவு கிடைக்காவிட்டால் வாங்கி என்ன பயன்?

இத்தனை சொற்களும் தரையையே பார்க்கின்றன, ஆடுபவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கவில்லை. 1980இல் வந்த ஸ்பேஸ் பேனிக்கில் தளமும் ஏணியும் இருந்தன, தாவல் இல்லை. அடுத்த ஆண்டு டாங்கி காங்கில் தாவல் வந்தது, அதன் நாயகனுக்கே முதலில் ஜம்ப்மேன் என்றுதான் பெயர். 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அதற்கேற்ப உயரம், ஓடிவந்து தாவினால் கூடுதல் தூரம், காற்றில் இருக்கும்போதே திசையைத் திருப்பும் வசதி. இந்த வகையின் ருசி முழுக்க இங்கேதான் இருக்கிறது. நம் பிள்ளைகள் நொண்டி, பச்சைக்குதிரை என்று செயலை வைத்துத்தான் பெயர் சொல்கிறார்கள், கோடு போட்ட தரையை வைத்து அல்ல.

குதி, தாண்டு, தாவு மூன்றும் ஒன்றல்ல. கிணற்றில் குதிக்கிறோம், வாய்க்காலைத் தாண்டுகிறோம், குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிறது. ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்தைப் போய்ப் பற்றுவதுதான் தாவல். எனவே தாவு, ஆட்டம் இரண்டும் சேர்ந்து ‘தாவாட்டம்’. கதவும் அழகும் சேர்ந்து கதவழகு ஆகிற புணர்ச்சிதான், இலக்கணம் இடிக்காது. உலாவிகளில் ‘டேப்’ என்பதற்குத் தாவல் என்று வைத்திருக்கிறார்களே என்று கேட்பார்கள். ‘தாவல் விளையாட்டு’ என்றால் அந்தக் குழப்பம் வரலாம், ‘தாவாட்டம்’ என்றால் வராது.

அடுத்து ‘உருளும்’. ஸ்க்ரோல் என்றால் சுருள் என்று அகராதியில் பார்த்ததும் உருட்டிவிட்டார்கள். சூப்பர் மாரியோ லேண்ட் ஓடிய கேம் பாய் என்ற நின்டெண்டோவின் கையடக்கக் கருவியில் எதுவும் உருளவில்லை. அதன் திரை 160க்கு 144 புள்ளிகள். நினைவகத்தில் பின்னணிப் படமோ 256க்கு 256. அந்தப் பெரிய படத்தின்மேல் திரை ஒரு சன்னல் மாதிரி நகர்கிறது, சன்னலின் விளிம்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு எண் சொல்கிறது, அந்த எண்ணை மாற்ற மாற்றக் காட்சி நகர்கிறது. அதனால் ‘நகர்திரை’ என்பதே சரி. பக்கவாட்டு என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பக்க நகர்திரை’ எனலாம்.

கையடக்கக் கருவிகளில் இந்த வகை ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதற்கும் இந்தப் பெயர்கள் விடை சொல்கின்றன. கேம் பாயில் சாம்பல்-பச்சையில் நாலே சாயல்கள், நகர்ந்தால் கலங்குகிற திரை, திசைப் பொத்தானோடு ஆட்டத்துக்கு முக்கியமாக இரண்டே பொத்தான்கள். தாவுவதற்கு அதற்குமேல் தேவையில்லை. திட்டின் விளிம்பும் பள்ளமும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் போதும். 1989இல் கேம் பாயோடு வந்த சூப்பர் மாரியோ லேண்டில் மொத்தம் பன்னிரண்டே கட்டங்கள், ஆளும் பொடியன், அதனால் முன்னே என்ன வருகிறது என்று பார்க்க இடம் இருந்தது. சேகா நிறுவனத்தின் கையடக்கக் கருவியான, வண்ணத் திரை கொண்ட கேம் கியரில், வேகமாக ஓடும் நாயகன் சோனிக்கின் கேம் அதே 160க்கு 144 புள்ளிகளுக்குள் ஓடியது. வேகம் கூடியது, முன்பார்வை குறைந்தது. தாவ வேண்டிய இடம் தெரிவதற்குள் தாவ வேண்டியிருந்தது. தாவலையும் நகர்திரையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு விளங்கும், ‘இயங்குதளம்’ என்று எழுதுபவருக்கு இதை விளக்கச் சொல்லே இருக்காது.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளை ஒரு முறையாவது பார்த்துவிட்டு எழுத வேண்டும். கன்சோலைப் ‘பணியகம்’ என்று எழுதுவதும் இதே அவசரத்தின் விளைவு. இலங்கையில் பணியகம் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அதாவது ஓர் அலுவலகம். அதைச் சட்டைப்பையில் போட முடியாது. ‘கையடக்க விளையாட்டுக் கருவி’ என்று நேராகவே எழுதலாம்.

தாவாட்டத்துக்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. பயோனிக் கமாண்டோ என்ற கேமில் நாயகனால் தாவவே முடியாது, கம்பிக் கையை எறிந்து தொங்கி ஊசலாடித்தான் போவான். 1992இல் கேம் பாய்க்கு வந்ததிலும் அப்படியே. அங்கும் ஊசலாட்டம் செய்கிற வேலை, ஒரு திட்டை விட்டு அடுத்ததைப் பற்றுவதுதான். விலக்காகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஒன்றுக்காக மற்ற நூற்றுக்கணக்கானவற்றை ‘இயங்குதளம்’ என்று எழுத நான் ஒப்பமாட்டேன்.