ஜகாத்னா ஏழை வரியா?

வசதி இருக்கற முஸ்லிம்கள் கட்டாயமா கொடுக்க வேண்டிய பங்கான ஜகாத்துக்கு தமிழ்ல ரொம்ப நாளா 'ஏழை வரி'னு எழுதிட்டு வர்றாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்கல. சொத்து வரினா சொத்துக்குப் போடற வரி, தொழில் வரினா தொழிலுக்குப் போடறது, அப்ப ஏழை வரினா ஏழை தலையில போடற வரினுதான படிக்கறவனுக்குத் தோணும், விஷயமே தலைகீழா போயிடுது.

அரபில இதோட வேர்ச்சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, ஒண்ணு வளர்றது, இன்னொண்ணு தூய்மையாகறது. கொடுக்கறது கொடுக்கறவங்கள தூய்மையாக்குதுங்கற கருத்து குர்ஆன்லயே (9:103) வருது. 85 கிராம் தங்கத்தோட மதிப்புக்கு (வெள்ளிய வச்சு கணக்கு போடறவங்களும் உண்டு) சேமிப்பு ஒரு சந்திர வருஷம் கைல நின்னா அதுல நாப்பதுல ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம் கொடுத்தாகணும். விளைச்சலுக்கு கணக்கு வேற, மானாவாரினா பத்துல ஒண்ணு, செலவு பண்ணி தண்ணி பாய்ச்சினா இருபதுல ஒண்ணு, உழைப்பும் செலவும் கூடினா பங்கு குறையுது பாருங்க.

வாங்கறவங்களும் ஏழைங்க மட்டும் இல்ல. குர்ஆன் 9:60ல எட்டு வகை சொல்லியிருக்கு, அதுல கடன்ல மூழ்கினவங்க, அடிமைத்தளைல இருந்து விடுதலையாக வேண்டியவங்க, வழில காசில்லாம மாட்டிக்கிட்ட பயணி, ஏன் ஜகாத் வசூல் பண்ற ஆளுக்கு சம்பளம் வரைக்கும் வருது. சும்மா ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை கொடுத்து அனுப்பறதும் இதோட நோக்கம் இல்ல, கொடுத்தா தேவை தீர்ற அளவுக்கு கொடுங்கனு கலீஃபா உமர் சொன்னதா பழைய நூல்கள்ல இருக்கு. இஸ்லாமிய சட்டப் பிரிவுகள்ல ஒண்ணான ஷாஃபி பிரிவோட அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேல போய், கைத்தொழில் தெரிஞ்சவனுக்கு அந்தத் தொழிலுக்கான கருவி வாங்கற அளவுக்கும், வியாபாரம் தெரிஞ்சவனுக்கு முதல் போடற அளவுக்கும் கொடுக்கலாம்னு எழுதி வச்சிருக்காங்க. இன்னைக்கு தொண்டு அமைப்புங்க 'வாழ்வாதார உதவி'னு சொல்லி தையல் மெஷின், தள்ளுவண்டினு வாங்கித் தர்றாங்களே, அதோட அடிப்படை அங்கயே இருக்கு.

சரி, தமிழ்ல என்னனு சொல்றது? தர்மம்னா சதக்காவோட குழம்பும், சதக்கா மனசு வந்தா கொடுக்கறது. தூய்மை வரினா குப்பை வரி மாதிரி கேக்குது. என் ஓட்டு 'கடமைக்கொடை'க்குத்தான். கடமைனா செஞ்சே ஆகவேண்டியதுனு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மேல சோழர் பாண்டியர் கல்வெட்டுல நிலவரிக்கே கடமைனு பேர் இருந்துச்சு, அதனால வரிங்கற வாசனையும் அதுலயே இருக்கு, கொடைனு சேர்த்தா கைமாத்து இல்ல, திருப்பிக் கேக்க மாட்டாங்கங்கறதும் வந்துடுது. ஸகாத், ஜக்காத், ஜகாத்னு எழுதறது எல்லாம் ஒண்ணுதான், ரம்ஜான் பெருநாள் தொழுகைக்கு முன்னாடி தலைக்கு இவ்வளவுனு கொடுக்கற ஃபித்ரா மட்டும் வேற கணக்கு.