கன்னியாஸ்திரியா, அருட்சகோதரியா?

கத்தோலிக்கத் திருச்சபையில் துறவு பூண்ட பெண்ணைப் பொதுவழக்கில் கன்னியாஸ்திரி என்கிறோம். வடமொழியின் கன்யா, ஸ்த்ரீ என்னும் இரு சொற்கள் சேர்ந்த இத்தொடர், மணமாகாத பெண் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அந்தப் பொருளும் எல்லாருக்கும் பொருந்துவதன்று. கணவரை இழந்தவரும் துறவு சபையில் சேரத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. அமெரிக்காவில் 1809-இல் ஒரு சபையைத் தொடங்கிய புனித எலிசபெத் ஆன் சீட்டன் ஐந்து பிள்ளைகளின் தாய்.

இலத்தீனில் இதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. அடைப்பு மடத்துக்குள், அதாவது வெளியே செல்லாமல் வாழும் மடத்துக்குள், இருந்து செபிக்கும் துறவியர் ‘மோனியாலெஸ்’. பள்ளியிலும் மருத்துவமனையிலும் பங்கிலும் (ஒரு கோயிலைச் சார்ந்த இறைமக்கள் சமூகத்திலும்) பணிபுரிவோர் ‘சொரோரெஸ்’, அதாவது சகோதரிகள். பெண் துறவியர் அனைவரும் மடத்தின் அடைப்புக்குள்ளேயே வாழ வேண்டும் என்று 1298-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் ஆணையிட்டிருந்தார். வெளியே பணிபுரிந்த சகோதரிகளின் சபைகளைத் துறவு வாழ்வாகவே ஏற்ற தெளிவான சட்டம், 1900-இல் பதின்மூன்றாம் லியோவின் காலத்தில்தான் வந்தது. தமிழ்ப் பொதுவழக்கோ இருசாராரையும் கன்னியாஸ்திரி என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டது.

திருச்சபைத் தமிழில் இன்று நிலைபெற்றிருப்பது அருட்சகோதரி. அருள் என்பதன் ளகரம் சகரத்தின் முன் டகரமானது புணர்ச்சி விதிப்படியே. ‘அருள்சகோதரி’ என்று பிரித்தெழுதுவோரும் உண்டு. சகோதரி வடசொல்தான் என்றாலும் அதன் பொருள் ஆழமானது: சக, உதரம், அதாவது ஒரே வயிற்றில் பிறந்தவள். பல மொழியினரும் பல இனத்தினரும் ஒரே ஆயரின் (பிஷப்பின்) கீழ்க் கூடும் தலத்திருச்சபையில், யாருக்கும் இரத்த உறவில்லாத ஒருவருக்கு இந்தப் பெயர் வாய்த்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அவருடைய வேலையை இதைவிடச் சரியாகச் சொல்லும் பெயர் இல்லை. அவர் திருப்பலி நிறைவேற்றுவதில்லை, ஒப்புரவு அருளடையாளம் (பாவமன்னிப்பு) வழங்குவதுமில்லை. சிறுவர்களைப் புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை பெறுவதற்கு, ஆயத்தம் செய்கிறார்; சிறு செப்பில் நற்கருணையை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை) எடுத்துச் சென்று, படுக்கையில் கிடக்கும் மூதாட்டியின் தாய்மொழியில் இயேசு கற்பித்த செபத்தைத் தொடங்கி, அவருடைய உதடுகள் அசையும்வரை காத்திருக்கிறார். குருக்கள் போதாத இடங்களில், பங்கின் மேய்ப்புப்பணியில் பங்குபெறும் பொறுப்பையும் ஆயர் அவரிடம் ஒப்படைக்க முடியும்.

ஆகவே பணிபுரிவோரை அருட்சகோதரி என்றும், அடைப்பு மடத்தினரைத் துறவியர் என்றும் வேறுபடுத்தி எழுதுவதே என் பரிந்துரை. தூய தமிழ்ச் சொல்லே வேண்டும் என்பாருக்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாக நடந்த சமணப் பெண்துறவி, கவுந்தி அடிகள். அந்த ‘அடிகள்’ இன்று திருச்சபை வழக்கில் ‘அடிகளார்’ ஆகிக் குருக்களின் பெயரோடு மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது.