மேட்சிங் நம்பர்ஸ்: தமிழில் எண்ணொப்பு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விற்பனைக்கு வந்தால், விளம்பரத்தின் முதல் வரியிலேயே 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று இருக்கும். விலையைத் தாங்கி நிற்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு சொற்கள்தான். 'எல்லாமே ஒரிஜினல்' என்பதற்கு இது இன்னொரு பெயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. காரின் அடையாள எண்ணும் எஞ்சினில் இருக்கும் எண்ணும் ஒன்றுக்கொன்று சொந்தம், தொழிற்சாலையிலிருந்து சேர்ந்தே வெளியே வந்தவை என்பது மட்டுமே இதன் பொருள். சிலர் கியர்பாக்ஸையும் சேர்த்துச் சொல்வார்கள். பெயிண்ட், சீட், கதவு பற்றியெல்லாம் இந்தச் சொல் வாயே திறப்பதில்லை.

அமெரிக்காவில், முக்கியமாக செவர்லே கார்வெட் பிரியர்களிடையே வேர்விட்ட வழக்கு இது. அதற்குக் காரணம் உண்டு. 1971 வரை வந்த கார்வெட்டின் அடையாள எண்ணைப் படித்தால் எந்த ஆண்டு, கூரை உள்ளதா திறந்ததா, எந்தத் தொழிற்சாலை, எத்தனையாவது வண்டி என்று தெரியும். எந்த எஞ்சின் என்று தெரியாது. 1967 மாடலில் 300 குதிரைத்திறன் எஞ்சினும் கிடைத்தது, 435 குதிரைத்திறன் எஞ்சினும் கிடைத்தது. சேகரிப்போர் சந்தையில் இரண்டுக்கும் இடையே விலை வித்தியாசம் மிகப் பெரிது, அடையாள எண் தகடோ இரண்டையும் ஒன்றுபோலவே காட்டுகிறது. எல்-88 என்ற பந்தய எஞ்சினோடு அந்த ஆண்டு வந்தவை 20 கார்கள்தான். 2014இல் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் அவற்றில் ஒன்று 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. எந்த எஞ்சின் என்று தகடு சொல்லாது என்றால், சாட்சி சொல்ல மிச்சமிருப்பது எஞ்சின் மட்டும்தான்.

அந்தச் சாட்சியை எங்கே பார்ப்பது? எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன இழைத்த மேடை இருக்கும். அதில் இரண்டு பொறிப்புகள். ஒன்று, காரின் வரிசை எண். மற்றொன்று, எஞ்சின் கோத்த இடமும் நாளும் வகையும்: 'டி 0315 ஜேஇ' என்றால் டோனாவாண்டா ஆலை, மார்ச் 15, 435 குதிரைத்திறன் எஞ்சின். இவை தவிர, இரும்பை உருக்கி ஊற்றும்போதே பிளாக்கில் வந்துவிடும் எண்கள் வேறு உண்டு. அதில் 'சி 8 7' என்றிருந்தால் 1967 மார்ச் 8 என்று அர்த்தம். ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று கணக்கு.

இந்த இரண்டு வகை எண்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தமிழில் இதைப் பிரித்துச் சொல்வது சுலபம். இரும்போடு வார்த்து வந்தது வார்ப்பு எண், அப்புறம் அச்சால் அடித்தது பொறிப்பு எண். ஒரே வார்ப்பு எண் ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் இருக்கும். அது சரியாக இருக்கிறது என்பதற்காக 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று எழுதினால் அது பித்தலாட்டம். அந்தக் காரைச் சுட்டுவது பொறிப்பு எண் மட்டுமே.

பொறிப்பையும் போலியாகச் செய்யலாம், செய்கிறார்கள். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பதை மறுபொறிப்பு என்று சொல்லலாம். அதைக் கண்டுபிடிக்க எண்ணைப் பார்ப்பதைவிட எண்ணுக்கு அடியில் இருக்கும் தளத்தைப் பார்க்க வேண்டும். ஆலையில் பிளாக்கை இழைத்த வெட்டுக்கருவி, முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய இணைக்கோடுகளை அந்த மேடையில் விட்டுச் செல்லும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கோடுகளே இல்லாமல் வழவழவென்று இருந்தாலோ, கோடுகள் குறுக்கே ஓடினாலோ, யாரோ அங்கே கைவைத்திருக்கிறார்கள். எஞ்சின் வேலைக்காகப் பிளாக்கின் மேல்தளத்தை நேர்மையாகவே இழைத்திருக்கலாம், அப்போதும் எண் போய்விடும். ஆனால் போன எண் திரும்ப முளைத்திருந்தால் அதற்கு விற்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பாவுக்குப் போனதும் இந்தச் சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது. போர்ஷே 911இலும் ஜாகுவார் இ-டைப்பிலும் எஞ்சின் எண் வேறு, அடிச்சட்ட எண் (சேஸ் எண்) வேறு. இரண்டும் ஒன்றுபோல இருக்காது, இருக்கவும் கூடாது. 1,580 மட்டுமே செய்யப்பட்ட 1973 மாடல் போர்ஷே கரேரா ஆர்எஸ் 2.7 விற்பனைக்கு வந்து, அதை 'மேட்சிங்' என்று சொன்னால், அந்த அடிச்சட்டத்துக்கு எதிரே நிறுவனத்தின் பதிவேட்டில் எழுதியிருக்கும் எஞ்சின் எண்ணே இன்றும் வண்டியில் இருக்கிறது என்று பொருள். அதாவது எண்ணும் எண்ணும் ஒத்துப்போவது அமெரிக்கப் பொருள், எண்ணும் ஏடும் ஒத்துப்போவது ஐரோப்பியப் பொருள். இந்த இரண்டாவதுதான் இன்னும் அகலமானது, முதலாவதையும் தனக்குள் அடக்கிக்கொள்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எண் பொருத்தம்' என்று சிலருக்குத் தோன்றும். ஜாதகமும் எண் கணிதமும் உடனே நினைவுக்கு வருவதால் எனக்கு அது ஒப்பவில்லை. 'அசல் எண்' என்பதும் சரிவராது. அசல் என்பது அரபியிலிருந்து வந்த சொல், அங்கே அதற்கு வேர், மூலம் என்று பொருள். நாம் அதை ஒரிஜினலுக்கும் போலியல்லாததற்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம், இங்கே பிரிக்க வேண்டியதே அந்த இரண்டைத்தான். என் தேர்வு 'எண்ணொப்பு'. ஒப்பு நோக்குதல், ஒப்பிடுதல் எல்லாம் நம் கையில் புழங்கும் சொற்கள், ஏட்டோடு வைத்துப் பார்ப்பதும் அதற்குள் வந்துவிடுகிறது. பேச்சில் 'கூடப்பிறந்த எஞ்சின்' என்றாலே போதும், யாருக்கும் புரியும்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண், சேஸ் எண் இரண்டும் இருக்கும். வண்டியோடு அவை சரியாக இருப்பது எண்ணொப்பு ஆகாது. முறைப்படி எஞ்சினை மாற்றி ஆர்.டி.ஓ.வில் பதிந்தால் புதிய எண்தான் புத்தகத்தில் ஏறும். சட்டத்துக்கு அது போதும், சேகரிப்பவருக்குப் போதாது.

எண்ணொப்பு இல்லாத கார் எல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது. 1929இலும் 1930இலும் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி, திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டப்பட்டது, 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் மோசமான விபத்தில் சிக்கியது. பிற்பாடு அதை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்க, வழக்கு 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. 1929இல் இருந்த பாகங்கள் அதில் சொற்பம். ஆனாலும் அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு காரும் இல்லை. ஆகவே இதுவே 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார். இந்த மாதிரி நம்பகத்தை 'வரலாற்றுத் தொடர்ச்சி' என்று தனியே குறிக்கலாம். விளம்பரத்தில் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று பார்த்தால், எந்த எண், எதோடு ஒத்துப்போகிறது என்று கேளுங்கள். மேடையின் படத்தையும் பதிவேட்டின் நகலையும் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.