65 மீட்டர் போதும்

நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறையின் உயரம் சுமார் 65 மீட்டர். பாறையிலேயே வெட்டிய படிகள், உச்சியில் கோட்டை மதில். 70 கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரளக் கொல்லிமலை ஏறிக் காட்சி தேடுபவர்கள் பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கணக்குப் போட்டால் நட்டம் அவர்களுக்குத்தான்.

பூமி உருண்டை என்பதால் நம் பார்வை ஓர் எல்லையில் தரையைத் தொட்டு நின்றுவிடுகிறது. அதுவே தொடுவானம். அதன் தூரத்தைக் கண்டுபிடிப்பது எளிது: கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். தரையில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் நாலரை கிலோமீட்டர். அதையும் முதல் தென்னந்தோப்பே மறைத்துவிடும். பாறை உச்சியில் அது 29 கிலோமீட்டராகிறது. சமவெளிக்கு மேல் 1000 மீட்டர் ஏறினால் 113. உயரம் 15 மடங்கு கூடியும் பார்வை நான்கு மடங்குகூட நீளவில்லை. வர்க்கமூலத்தின் குணம் அது: முதல் சில மீட்டர்களுக்கு வாரி வழங்கும், பிறகு கஞ்சனாகிவிடும். (காற்றில் ஒளி சற்று வளைவதால் உண்மைத் தூரம் இன்னும் கொஞ்சம் கூடும்.)

அந்த 113 கிலோமீட்டரும் பெரும்பாலும் ஏட்டளவில்தான். தூசும் ஈரமும் ஒளியைச் சிதறடித்து, தொலைவில் உள்ளதை வெளுத்த வானத்தோடு கரைத்துவிடும்.

நமது கண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. மூன்றரை கிலோமீட்டர் தொலைவில், ஒரு மீட்டருக்கும் குறைந்த பொருள்களை அது பிரித்தறிவது கடினம். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து ஊர் வெறும் புள்ளிக் கூட்டம். பாறையிலிருந்தோ சாலையில் போகும் லாரியைத் தொடரலாம், கோழிப் பண்ணைகளின் நீண்ட கூரைகளை எண்ணலாம். தரையில் ஒரே கோடாக ஒட்டிக் கிடந்த வயல்களெல்லாம் இங்கே விரிந்து தனித்தனியாகின்றன. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலத்தைத் தரையில் நிற்பவரைவிட 40 மடங்கு சரிவான கோணத்தில் பார்க்கிறோம் என்பதே காரணம்.

இப்படிப்பட்ட பாறைகள் சமவெளியில் தனியே நிற்பதற்குக் காரணம் அவை மேலெழுந்தது அல்ல. விரிசல் மிகுந்த சுற்றுப்பாறையில் நீர் இறங்கி, அதை மக்கச் செய்து அரித்துக்கொண்டுபோனது. விரிசல் குறைந்த பகுதி எஞ்சியது. அதனால் பக்கத்தில் பார்வையை மறைக்கவும் அதிகம் இல்லை.

மழை காற்றைக் கழுவிவிட்ட மறுநாள் போவது நல்லது. கொல்லிமலையின் மடிப்புகள்கூடத் துலங்கும். நண்பகல் மட்டும் வேண்டாம். சூடேறிய நிலத்தின் மேல் காற்றின் அடர்த்தி ஓயாமல் மாறுவதால் தூரத்துக் காட்சிகள் நெளியும், உள்ளங்காலும் பொரிந்துபோகும்.