30-க்கும் 31-க்கும் நடுவே

அமெரிக்காவில் வரி ஆலோசகராக இருப்பதால், ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களின் பெற்றோர் சிலர் என்னிடம் வருவதுண்டு. மகன் கல்லூரியிலேயே தங்குவதா, தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதா என்பதே அவர்களின் கேள்வி. பையனின் ஆட்டத்தை எடைபோட எனக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் உள்ள எண்களைத்தான் நான் பார்க்கிறேன். ஒருமுறை வந்த தாய், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ பற்றி இணையத்தில் வெளியான கணிப்பை அச்செடுத்து, 28-ஆம் இடத்திலிருந்த மகனின் பெயரைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த மகன் அந்தத் தாளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

34-ஆம் இடம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். என்.பி.ஏ. டிராஃப்டின் முதல் சுற்றில், அதாவது 30 இடங்களுக்குள், தேர்வாகிறவருக்கு இடத்தைப் பொறுத்த சம்பள அட்டவணை இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கு உத்தரவாதமும் உண்டு. 31-ஆம் இடத்திலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை. நல்ல ஒப்பந்தம் பெறுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பலருக்குக் கிடைப்பது, என்.பி.ஏ. அணியிலும் அதன் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கிலும் மாறிமாறி ஆடும் ‘டூ-வே’ ஒப்பந்தம்தான். 2025-26 பருவத்தில் அதன் மதிப்பு சுமார் 6.36 லட்சம் டாலர். அதிலும் சிறு பகுதிக்கே உத்தரவாதம். அதுவும் அமையாமல் ஜி லீக்கில் மட்டும் ஆடினால், ஒரு பருவத்துக்கு 40,000 டாலரைச் சற்றே தாண்டும்.

முன்பெல்லாம் கல்லூரியில் தங்கினால் உதவித்தொகையோடு சரி. 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர வருமானம் ஈட்டலாம் என்றானது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். 2021-இல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025-இல் 106 பேர்தான் என்பதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் இரண்டு தொகைகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு. கல்லூரிப் பணத்தில் பெரும்பாலும் வரிப் பிடித்தம் கிடையாது. சட்டத்தின் பார்வையில் பையன் சுயதொழில் செய்கிறவன், ஆகவே வருமான வரியோடு சுயதொழில் வரியையும் அவனே காலாண்டுதோறும் கட்ட வேண்டும். வந்த பணத்தில் காரை வாங்கிவிட்டு வரிக் கெடுவான ஏப்ரல் 15 நெருங்கும்போது விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என்.பி.ஏ. சம்பளத்திலும் வரி, ஏஜென்டின் பங்கு, லீக் நிறுத்திவைக்கும் தொகை எல்லாம் போக மீதிதான் கைக்கு வரும்.

தங்குவதிலும் ஆபத்து உண்டு. 2011 டிராஃப்டில் முன்வரிசையில் தேர்வாவார் என்று பேசப்பட்ட ஜாரெட் சல்லிங்கர் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலேயே தங்கினார். மறு ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் முதுகைப் பற்றிய ஐயம் எழ, 21-ஆம் இடத்துக்கு இறங்கினார். ஆகவே தங்குகிறவர் ஊனக் காப்பீட்டுக்கான பிரீமியத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

கணிப்புப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, என்.பி.ஏ.வின் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்கச் சொன்னேன். முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, தேர்வாகவே வாய்ப்பில்லையா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. வைக்கும், மே இறுதிவாக்கில் வரும் கெடுவுக்குள் டிராஃப்டிலிருந்து பெயரைத் திரும்பப் பெறாவிட்டால், கல்லூரிக் கதவு பொதுவாக மூடிவிடும் என்பதையும் சொன்னேன்.

இரண்டாம் சுற்று என்றே பதில் வந்தது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பையன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். அடுத்த வாரம் அந்தத் தாய் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: முதல் காலாண்டு வரியை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்?