குதிரைக்குட்டி கன்றுக்குட்டி இல்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குடும்பம் குதிரை வளர்க்கிறது. நான்கு பெட்டைகள், ஒரு பொலிகுதிரை, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ குட்டிகள். குடும்பத் தலைவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இளவயதில் ஈப்போ பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, இருந்தவர். அவருடைய அப்பா தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்தவர். இரண்டு பழக்கமும் ஒரே கையில் இருப்பது பெரிய பலம்தான். ஆனால் குட்டி என்று வந்துவிட்டால் மாட்டுப் பழக்கம் முந்திக்கொள்ளும். கால்நடை மருத்துவனாக நான் அங்கே அடித்துப்பிடித்து ஓடியதெல்லாம் பெரும்பாலும் அதனால்தான்.

பிரசவத்தையே எடுத்துக்கொள்வோம். பசுவுக்கு நஞ்சுக்கொடி விழ அரை நாள் ஆனாலும் பொறுத்துப் பார்ப்போம். பெட்டைக் குதிரைக்கு 3 மணி நேரம்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் கருப்பையில் தொற்று ஏறி, குளம்புக்குள் வீக்கம் கண்டு, தாய் நிற்கவே முடியாமல் போகலாம். குட்டி 1 மணி நேரத்துக்குள் எழ வேண்டும், 2 மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். அண்ணி இதைச் சுவர்க் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். குதிரை பெரும்பாலும் நடு இரவில்தான் குட்டி போடும். அந்த நேரத்தில் மனப்பாடம் எதுவும் கைகொடுக்காது.

அப்புறம் தீவனம். இதில் தவறு என்னுடையதும்தான். 14 மாத ஆண்குட்டி ஒன்று நொண்டியது. ஒரு வாரம் முன்கால், அடுத்த வாரம் பின்கால். எதுவோ உதைத்திருக்கும் என்று சொல்லி, வீக்கத்துக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுமுறை போனபோது கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு ஒரே மாதிரி புடைத்திருந்தது. அப்போதுதான் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். வாளி நிறையத் தவிடு. பக்கத்தில் மாட்டுக்கு அறுத்த செத்தாரியா புல்.

தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். செத்தாரியா போன்ற சில வெப்பநாட்டுப் புற்களில் இருக்கும் ஆக்சலேட், மிச்சமிருக்கும் கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. இரத்தத்தில் கால்சியம் குறையக் குறைய, உடம்பு தன் எலும்பையே கரைத்து ஈடுகட்டும். கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து முகம் வீங்கும். 'பெரிய தலை நோய்' என்பது இதுதான். தவிட்டை நிறுத்தி, புல்லை மாற்றி, தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூள் கலக்கச் சொன்னேன்.

"வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பா டாக்டர்?" என்றார் அண்ணி.

நல்லவேளை கேட்டார். அது வாயைப் புண்ணாக்கிவிடும். கால்நடைத் தீவனத்துக்கென்று விற்கும் தூளைத்தான் போட வேண்டும். நொண்டல் சில மாதங்களில் சரியானது. முகத்து மேடு முழுதாக வற்றவில்லை.

பழக்குவது அண்ணன் மகளின் வேலை. வயது பதினாறு. கன்றைக் கட்டுவது போல ஐந்து மாதக் குட்டியைக் கழுத்துக் கயிற்றால் ரம்புத்தான் மரத்தில் கட்டிவைத்து, அது பின்னால் இழுத்து மல்லாந்து விழுந்ததைப் பார்த்தவள். கன்று கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அடங்கும். குதிரை பயந்தால் ஓடத்தான் பார்க்கும், வழி அடைபட்டால் கழுத்தே போனாலும் இழுக்கும். அன்றிலிருந்து அவள் குட்டிகளைக் கட்டுவதில்லை. தலைக்கயிற்றைக் கையில் பிடித்துத்தான் பழக்குகிறாள்.

வெயில் ஏறுவதற்குள், ஏழரை மணிவாக்கில், ஒரு குட்டிக்குப் பத்து நிமிடம். கயிற்றை லேசாக இழுத்துப் பிடிப்பாள். குட்டி ஓரடி முன்னே வைத்ததும் உடனே தளர்த்துவிடுவாள். இழுப்பு நிற்பதைத்தான் குட்டி தனக்குக் கிடைத்த பதிலாக எடுத்துக்கொள்கிறது. தளர்த்தத் தாமதித்தால் எதற்காக விட்டார்கள் என்றே அதற்குப் புரியாது. கால் தூக்குவதும் இப்படித்தான். முதல் நாள் முழங்காலுக்குக் கீழே தடவ மட்டும். பிறகு தூக்கி மூன்று எண்ணுவதற்குள், குட்டி உதறும் முன்பே, தானே கீழே வைத்துவிடுவாள். எங்கள் ஊர் மழைச்சேற்றில் குளம்பின் அடி கறுத்து அழுகி நாறும். தினமும் சுரண்டிச் சுத்தம் செய்யக் குட்டி கால் கொடுத்தே ஆக வேண்டும்.

அவளுடைய அண்ணனுக்குத்தான் அவசரம். "பார்க்கப் பெரிசாத்தானே இருக்கு டாக்டர், ஏறினா என்ன? பந்தயக் குதிரை ரெண்டு வயசுல ஓடுதே?" நியாயமான கேள்விதான். இளவயதில் அளவோடு ஓடினால் எலும்பு உறுதியாகும் என்பதும் உண்மை. அதனால்தான் குட்டிகளைக் கொட்டடியில் அடைக்காமல் திடலில் விடச் சொல்கிறேன். ஆனால் முன்காலின் முட்டிக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், மூடவே இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பில் உள்ளவை ஐந்து வயதுக்கு மேலும் போகும். பந்தயத்தில் மெலிந்த ஜாக்கி ஏறுகிறார், கூடவே மருத்துவரும் எக்ஸ்ரேயும் இருக்கின்றன. அப்படியும் கால் போகும் குதிரைகள் உண்டு. 80 கிலோ எடையுள்ள இந்தப் பையன் ஒன்றரை வயதுக் குட்டிமேல் ஏறிச் சின்ன வட்டத்தில் சுற்றுவது வேறு கதை. தவிட்டால் எலும்பு இளகிய குட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த முகம் புடைத்த குட்டிக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. போன வாரம் போனபோது அண்ணன் மகள் அதன் முதுகில் காலிக் கோணிப்பையைப் போட்டு, செம்பனை வரிசைக்குள் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். கோணி சரிந்து விழுந்தது. குட்டி நின்று அதை முகர்ந்து பார்த்தது. அவளுடைய அண்ணன் வேலியில் சாய்ந்து, "இன்னும் எத்தனை மாசம் டாக்டர்?" என்றான்.