கோணம் இடையில் இருக்கிறதா?

மேலூர் வட்டாரத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் நடத்திவரும் எனக்கு, ஆண்டுதோறும் விடைத்தாள்களில் தவறாமல் எதிர்ப்படும் பிழை ஒன்று உண்டு. இரு முக்கோணங்களில் இரண்டு பக்கங்களும் ஏதேனும் ஒரு கோணமும் சமமாக இருந்தால் போதும். அக்கோணம் அவ்விரு பக்கங்களுக்கு இடையில் அமைந்துள்ளதா என்று பாராமலே, 'ப-கோ-ப கொள்கைப்படி சர்வசமம்' என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) கொள்கை சொல்வதோ, இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே, என்பதுதான். சிவப்பு மையால் சுழித்துத் திருத்தித் தந்தாலும், அடுத்த தேர்வில் அதே பிழை திரும்ப வருகிறது. கொள்கை பொய்த்துப்போகும் இடத்தை அவர்களே வரைந்து பார்க்காதவரை, 'இடைப்பட்ட' என்ற சொல் அவர்களுக்கு வெறும் மனப்பாடச் சொல்லாகவே இருக்கும்.

ஆகவே, முதலில் 8 செ.மீ. நீளத்தில் ஒரு கோட்டுத்துண்டு வரைந்து, அதன் இடது முனையில் 30 பாகைக் கோணத்தில் நீளமான கதிர் ஒன்றை வரையச் சொல்கிறேன். பிறகு வலது முனையில் கவராயத்தை ஊன்றி, 5 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்தால், அது கதிரை ஈரிடங்களில் வெட்டுகிறது. இடது முனையிலிருந்து ஏறத்தாழ 3.9 செ.மீ. தொலைவில் ஒன்று, 9.9 செ.மீ. தொலைவில் மற்றொன்று. அளவுகள் மூன்றும் மாறவில்லை, முக்கோணங்கள் மட்டும் இரண்டு. வகுப்பில் பாதிப்பேர் ஒன்றையும் மீதிப்பேர் மற்றொன்றையும் வரைந்திருப்பார்கள். தன் படம்தான் சரி என்று ஒவ்வொருவரும் வாதிடும் அந்தச் சில நிமிடங்களை நான் ஒருபோதும் அவசரப்படுத்துவதில்லை.

அடுத்து, கோணத்தை 90 பாகையாகவும் ஆரத்தை 10 செ.மீ. ஆகவும் மாற்றச் சொல்கிறேன். இப்போது வில் கதிரை 6 செ.மீ. தொலைவில் ஒரே இடத்தில்தான் வெட்டும். செங்கோண முக்கோணத்துக்கு மட்டும், கர்ணமும் ஒரு பக்கமும் சமமானால் போதும் என்று சொல்லும் செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) என்ற தனிக் கொள்கை இருப்பதன் காரணம் அங்கேயே விளங்கிவிடுகிறது.

மூன்று பக்கங்களும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம் என்னும் ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) கொள்கைக்கு ஈர்க்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப்பும் போதும். நான்கு குச்சிகளைக் கோத்த சட்டம் அழுத்தினால் சாய்கிறது, மூன்று குச்சிகளைக் கோத்தது அசைவதில்லை. சித்திரைத் திருவிழாப் பந்தலில் கால்களுக்குக் குறுக்கே சாய்வாக மூங்கில் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. மூன்று கோணங்களும் சமமானால் போதாது என்பதற்கு, கரும்பலகையில் நான் பயன்படுத்தும் பெரிய மூலைமட்டத்தையும் அவர்கள் பெட்டியிலுள்ள சிறியதையும் அருகருகே பிடித்துக் காட்டுகிறேன்.

விடை எழுதும்போது, சமமான மூன்று உறுப்புகளையும் தனித்தனி வரிகளில் எழுதி, கோணத்தின் இரு கைகளும் அந்தப் பக்கங்கள்தாமா என்று படத்தில் விரல்வைத்துப் பார்த்த பிறகே கொள்கையின் பெயரை எழுத அனுமதிக்கிறேன்.